கிருபாகரனை எழுப்பலாமா?

கோத்தகிரி உறக்க இல்லத்தின் மூன்றாவது கூடத்தில் கிருபாகரன் படுத்திருந்தார். வயது முப்பத்தெட்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள் ஆதிரைக்கு வயது ஐம்பத்தொன்று.

"ஒரு நரைமுடிகூட இல்ல பாருங்க," என்றாள் ஆதிரை.

பக்கத்தில் நின்ற லோகேஸ்வரி சிரித்தாள். அவள் அங்கே தொழில்நுட்பப் பொறுப்பாளர். தூங்குகிறவர்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் இப்படி ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நீண்ட உறக்கம் என்பது முதலில் நோயாளிகளுக்காக வந்த ஏற்பாடு. இன்றைக்கு மருந்து இல்லாத நோய்க்கு நாளைக்கு மருந்து வரும், அதுவரை உடம்பைக் குளிரவைத்துத் தூங்கவைக்கலாம் என்றார்கள். சில வருடங்களிலேயே நோயில்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தம்மை எப்போது எழுப்பவேண்டும் என்று ஒரு நிபந்தனை சொல்லலாம். தான் நட்ட சந்தனமரம் வெட்டும் பருவத்துக்கு வரும்போது எழுப்பச் சொன்னவர் உண்டு. தன் எதிரி செத்த மறுநாள் என்று சொன்னவரும் உண்டு.

கிருபாகரன் சொன்ன நிபந்தனை இது: "உலகத்தில் கெட்டதைவிட நல்லது அதிகமாக இருக்கும்போது எழுப்புங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்."

அவருக்கு நோய் எதுவும் இருக்கவில்லை. கரூரில் பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வடிவமைப்பாளராக இருந்தார். ஒரு மாலையில் குளித்தலைக்குப் பக்கத்தில், திருச்சி சாலையில், அவரும் மனைவி சுபத்ராவும் போன ஸ்கூட்டரை ஒரு கார் தட்டிவிட்டுப் போனது. சுபத்ராவை மடியில் போட்டுக்கொண்டு அவர் சாலையில் உட்கார்ந்திருந்தார். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஒருவர்கூட நிற்கவில்லை. சுபத்ரா இறந்துபோனாள். இதை அவர் தன் தங்கை வசந்தியிடம் சொல்லிச் சொல்லி அழுததை எட்டு வயது ஆதிரை கேட்டிருக்கிறாள். பிறகு அத்தை அதை ஊரெல்லாம் சொல்வதையும் கேட்டிருக்கிறாள். ஒரு வருடம் கழித்து, மகளைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு அவர் இங்கே வந்து படுத்துக்கொண்டார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதே நிபந்தனையோடு இன்னும் நூறு பேருக்குக் குறையாமல் வந்ததால், இல்லத்தார் அதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அதைத் தராசு என்றார்கள். சாலைக் கேமராக்கள், மருத்துவமனைகள், காவல் நிலையங்கள், தொலைபேசி அழைப்புகள் என்று கிடைத்த எல்லா வழியிலும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பதில் சொல்லும். இதுவரை ஒரே பதில்தான். இன்னும் இல்லை.

ஆதிரை இப்போது வந்ததற்குக் காரணம் இருந்தது. இந்த மழைக்காலம் முடிந்தால் கிருபாகரனை எழுப்ப முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவருடைய உடம்பு அதற்கு மேல் தாங்காது. அப்படியே உறக்கத்தில் போய்விடுவார். ஆனாலும் தூங்குகிறவர் சொன்ன நிபந்தனையைப் பெற்ற பிள்ளை நினைத்தாலும் மீற முடியாது. நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று அரசு நியமித்த மறுபரிசீலனை அதிகாரி தீர்ப்புச் சொன்னால் மட்டும்தான் எழுப்பலாம்.

அதிகாரியின் பெயர் ஷம்சுதீன். உடுமலைப்பேட்டையில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். விசாரணை என்றாலும் நீதிமன்றம்போல எதுவும் இல்லை. ஒரு சின்ன அறை, நான்கு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு.

"தராசு இன்னும் இல்லன்னு சொல்லுது. நீங்க எழுப்பணும்ங்கிறீங்க," என்றார் ஷம்சுதீன். "அப்படின்னா நீங்கதான் எனக்குச் சொல்லணும். உலகத்துல நல்லதுதான் அதிகம்னு நினைக்கிறீங்களா?"

"அதப் பத்தி நான் யோசிச்சதே இல்ல சார்."

"பின்ன எதுக்கு அவரை எழுப்பணும்?"

"அவரோட சண்டை போடணும். அவர் எந்திரிச்சாத்தானே போட முடியும்."

ஷம்சுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று கூட உட்கார்ந்திருந்த லோகேஸ்வரிக்குத் தோன்றியது.

"நியாயம்தான். ஆனா அதைத் தீர்ப்புல எழுத முடியாதும்மா. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"திருச்சியில அவசர அழைப்பு மையத்துல இருக்கேன் சார். ஆம்புலன்ஸ் வேணும்னு கூப்பிட்டா எடுத்துப் பேசற வேலை. இப்ப பன்னண்டு பேருக்கு மேற்பார்வை."

"அப்ப உங்க காதுல விழறது எல்லாமே கெட்ட சேதிதான்."

"ஆமா சார்." ஆதிரை கொஞ்சம் யோசித்தாள். "அடிபட்டுக் கிடக்கறவங்க கழுத்துலேருந்து செயினை அத்துக்கிட்டு ஓடறவன் இருக்கான். பெத்த அம்மாவப் படியில தள்ளிவிட்டுட்டு, வழுக்கி விழுந்துட்டாங்கன்னு போன் பண்றவன் இருக்கான். அதெல்லாம் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா சாப்பாடு இறங்காது."

"சரி."

"ஆனா போன் பண்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அடிபட்டவங்க இல்ல சார். அடிபட்டவங்களுக்குச் சொந்தமும் இல்ல. அந்த வழியா போனவங்க. பேர் கேட்டா தெரியாதும்பாங்க. ரத்தம் போகுதும்மா, சீக்கிரம் வாங்கன்னு நம்மகிட்டக் கோவப்படுவாங்க. வண்டி வர்ற வரைக்கும் போனை வைக்கமாட்டாங்க. பாதிப்பேர் அழுவாங்க. யாருன்னே தெரியாதவங்களுக்காக."

அவள் இதை வாதமாகச் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற ஒன்றைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் ஷம்சுதீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லோகேஸ்வரி, தராசு இதைக் கணக்குல எடுத்துக்குதா? ஒரு விபத்து நடந்தா அது கெட்டது. போன் பண்றவர் செஞ்சது?"

"எடுத்துக்கும் சார். அது நல்லது பக்கம் விழும்."

"ஆம்புலன்ஸ் ஓட்டறவர், தையல் போடற டாக்டர், ரத்தம் குடுக்கறவர்?"

"எல்லாமே விழும் சார்."

"ஒரு கெட்டதுக்குப் பின்னாடி இத்தன நல்லது வருதுன்னா, நாப்பது வருஷமா எப்படி ஒரு தடவகூட நல்லது பக்கம் சாயல?"

லோகேஸ்வரி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எடை வெச்சிருக்கு சார். ஒரு கெட்டதை எட்டால பெருக்கும்."

"கொலையும் தண்ணி குடுக்கறதும் ஒண்ணாகாதே. பெருக்கத்தான வேணும்?"

"அது வேற சார். கொலைக்குன்னு ஒரு எடை, தண்ணி குடுக்கறதுக்குன்னு ஒரு எடை. அதெல்லாம் ஏற்கெனவே தனியா இருக்கு. அதெல்லாம் போட்டு முடிச்சதுக்கு அப்புறம், மொத்தக் கெட்டதையும் எட்டால பெருக்கறாங்க. இது மேல வெச்ச திருத்தம்."

"யார் வெச்சது?"

"தராசை முதல்ல செஞ்சவங்க. இப்ப யாரும் உயிரோட இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல்நாள் ஓட்டிப் பாத்தப்ப நல்லதுதான் அதிகம்னு காட்டுச்சாம். மெஷின்ல ஏதோ தப்புன்னு நினைச்சுப் பிரிச்சு மாட்டி மறுபடி ஓட்டினாங்களாம். மறுபடியும் அதேதான். இதைக் கொண்டுபோய்க் காட்டினா ஊர்ல எவனும் நம்பமாட்டான்னு பேசிக்கிட்டாங்களாம். நிர்வாகத்துலயும் ஒத்துக்கல. உலகம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா அப்புறம் யார் இங்க வந்து படுப்பாங்க? அதனால எல்லாருக்கும் சரின்னு படற பதில் வர்ற வரைக்கும் எடையை ஏத்திக்கிட்டே போனாங்க. எட்டுல நின்னுது."

ஷம்சுதீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கேட்டார்:

"நிபந்தனையில எட்டு மடங்குன்னு இருக்கா?"

"இல்ல சார். அதிகம்னு மட்டும்தான் இருக்கு."

"அப்ப அதை எடுத்துட்டு ஓட்டுங்க."

அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. லோகேஸ்வரி மேஜைமேல் இருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். கோடு நல்லது பக்கம் சாய்ந்திருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. மளிகைக் கடையில் கை தாராளமானவர் நிறுத்தால் தட்டு எவ்வளவு இறங்குமோ அவ்வளவு.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள் ஆதிரை.

திரைப் பக்கம் குனிந்து மறுபடி கேட்டாள்.

"எப்பலேருந்து இப்படி இருக்குன்னு பாக்க முடியுமா?"

லோகேஸ்வரி ஷம்சுதீனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போனாள். பெருவெள்ளம் வந்த வருடம், காய்ச்சல் பரவிய வருடம், கலவரம் நடந்த வருடம். சில வருடங்களில் தட்டு ஏறக்குறைய சமநிலைக்கு வந்து, மறுபடி இறங்கியது. ஒரு வருடம்கூட மறுபக்கம் போகவில்லை. கடைசியில், தராசு வருவதற்கு முந்தைய பதிவுகளையும் போட்டு ஓட்டி, கிருபாகரன் வந்து படுத்த நாளில் போய் நின்றாள்.

"அன்னிக்கும் நல்லதுதான் அதிகம் மேடம்," என்றாள் தாழ்ந்த குரலில்.

ஆதிரை எழுந்து வெளியே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஷம்சுதீன் போனபோது அவள் சரிவின் ஓரத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கீழே தேயிலை பறிக்கும் பெண்கள் எதற்காகவோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எழுப்பறதுக்கு உத்தரவு போட்டுட்டேன்," என்றார். "அவரை மட்டும் இல்ல. இதே நிபந்தனையோட படுத்திருக்கற எல்லாரையும்."

"எல்லாரும் எந்திரிப்பாங்களா?"

"மாட்டாங்க. ஏழு பேர் ஏற்கெனவே உறக்கத்துலயே போயிட்டாங்க. அவங்க வீட்டுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நிர்வாகத்து மேல வழக்கு வரும். வரணும்."

ஆதிரை அவர் பக்கம் திரும்பவில்லை.

"சின்னதுல, உலகம் ரொம்பக் கெட்டதுன்னு நினைச்சுக்குவேன் சார். அப்படி இல்லன்னா எங்கப்பா என்னை விட்டுட்டுப் போயிருக்கமாட்டாரேன்னு. அதுல ஒரு சமாதானம் இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

ஷம்சுதீனும் வேலியைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் அவருக்கும் தன்னைப் பற்றி ஒன்று புரிந்திருந்தது. நீதிபதியாக இருந்த இத்தனை வருடத்தில் அவரிடமும் யாராவது இந்தத் தராசைக் கொண்டுவந்து முதல்நாள் பதிலைக் காட்டியிருந்தால், அவரும் எடையை ஏற்றத்தான் சொல்லியிருப்பார்.

"அவருகிட்ட இதெல்லாம் சொல்லணுமா சார்?" என்று கேட்டாள் ஆதிரை.

"நிபந்தனை நிறைவேறிடுச்சுன்னு சொல்லணும். அது சட்டம். எப்பலேருந்துன்னு சொல்லணும்னு சட்டத்துல இல்ல."

"அப்ப நானே சொல்லிக்கறேன்."

கிருபாகரன் கண் திறக்கப் பத்து நாள் பிடித்தது. பேச்சு வந்துவிட்டது என்று லோகேஸ்வரி கூப்பிட்டுச் சொன்ன மறுநாள் காலையில் ஆதிரை போனாள். மழை விட்டிருந்தது. அவர் தலையணைகளில் சாய்ந்து, தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், என் பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். "பேர் ஆதிரை. சின்னப் பொண்ணு, அவ அத்தைதான் கூட்டிட்டு வரணும்..." பாதியில் நிறுத்தினார். "இல்ல, இப்ப பெரியவளா இருப்பா. எத்தன வருஷம் ஆச்சு?"

"நாப்பத்திரண்டு."

அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நெற்றியையும் மோவாயையும் மாறி மாறிப் பார்த்தார். சுபத்ராவுக்கு அந்த வயது வரவே இல்லை. வந்திருந்தால் எப்படி இருப்பாள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆதியா?"

"ம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த மனிதரிடம் பேசுவதற்காக எத்தனையோ வருடங்களாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். பேருந்தில் வரும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது எதிரில் படுத்திருந்தவர், அவளுடைய மையத்தில் இரவுப் பணிக்கு மாற்றாதீர்கள் என்று கெஞ்சும் பிள்ளைகளைவிடச் சற்றே மூத்தவர். அவரைப் பார்த்துக் கத்த அவளுக்கு வரவில்லை.

"உலகம் நல்லாயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சுப்பா."

"எப்போ?"

"இந்த வருஷம்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்கியது.

"அப்ப நான் பண்ணினது தப்பில்ல. உன்கூட இருக்க முடியல. ஆனா தப்பில்ல."

ஆதிரை நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வசந்தி உன்ன நல்லாப் பாத்துக்கிட்டாளா?"

"அத்தை மூணாவது வருஷமே போயிட்டாங்க. நெஞ்சுவலி."

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. "அப்புறம்? நீ எங்க இருந்த?"

"பரமேஸ்வரி அக்கா வீட்ல."

"எந்தப் பரமேஸ்வரி?"

"பக்கத்து வீடு. பெட்ஷீட் தெச்சுக் குடுப்பாங்கல்ல. அவங்களுக்கே மூணு பிள்ளைங்க. நாலாவதா என்னைச் சேத்துக்கிட்டாங்க. எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப பெரியாஸ்பத்திரியில தரையில பாயப் போட்டுப் படுத்திருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் கந்தசாமி அண்ணன் வெல்டிங் வேலைக்குப் போயிட்டு வந்து மூணு பிள்ளைங்களுக்கும் சோறாக்கிப் போட்டாரு." அவள் குரலில் கோபம் ஏறிக்கொண்டே போனது. சண்டை இப்போதுதான் தொடங்கியிருப்பதுபோல. "ஸ்கூல் வேன் ஓட்டற ஜான் பாஷா அண்ணன் ஒரு நாள்கூட என்னை விட்டுட்டுப் போனதில்ல. நான் வயசுக்கு வந்தப்ப அவர் சம்சாரம்தான் வந்து என்கிட்ட எல்லாம் சொன்னாங்க. என் கல்யாணத்துக்குக் கந்தசாமி அண்ணனும் பரமேஸ்வரி அக்காவும்தான் மணையில உக்காந்தாங்க. நீங்க உக்கார வேண்டிய இடத்துல."

கிருபாகரன் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே கூரையிலிருந்து மிச்ச மழை சொட்டியது.

"கந்தசாமியும் பரமேஸ்வரியும் நான் இருந்தப்பவே அங்க குடியிருந்தாங்களே," என்றார்.

"ஆமா."

"ஜான் பாஷாவும் அப்பவே நம்ம தெருவுக்கு வேன் ஓட்டினாரு."

"ஆமா."

"அப்ப ஏன் இந்த வருஷம்னு சொன்ன?"

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். கண் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கினார், கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஆதிரை எழுந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு நாற்காலிக்குத் திரும்பாமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு ஒருத்தர் நின்னாரும்மா," என்றார் கிருபாகரன்.

"எப்போ?"

"உங்கம்மா அடிபட்டப்ப. எல்லாரும் ஒதுங்கிப் போனாங்க, அது நிஜம். ஒரு மீன் வண்டி மட்டும் நின்னுது. நாகப்பட்டினத்துலேருந்து வர்ற வண்டி. உங்கம்மாவப் படுக்கவைக்க இடமில்லன்னு பொட்டி பொட்டியா மீனை எடுத்து ரோட்டோரத்துல கொட்டினாரு. அன்னிக்குப் பொழப்பு மொத்தமும் அது. அவளை ஐஸ் மேல படாம சாக்கைப் போட்டுப் படுக்கவெச்சுக் கரூருக்கு ஓட்டிட்டு வந்தாரு."

"எனக்குத் தெரியாதேப்பா. யாரும் நிக்கலன்னுதான் அத்தை சொன்னாங்க."

"நான்தான் அப்படிச் சொன்னேன். அவ போயிட்டா. போனதுக்கு அப்புறம் அவரைப் பத்திச் சொன்னா, ஏதோ ஒண்ணு கொறஞ்சுபோற மாதிரி இருந்துச்சு. அதனால சொல்லல. சொல்லாம விட்டு விட்டு எனக்கே மறந்துபோச்சு."

ஆதிரையின் மையத்தில், கூப்பிடுகிறவர்கள் உடைந்துபோகும்போது அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அவள் அப்படிக் கேட்டாள்.

"அவர் பேர் என்னப்பா?"

"கேக்கல."

"ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்ல. டாக்டர் வந்து சொல்ற வரைக்கும் என் பக்கத்துலயே நின்னாரு. சட்டையெல்லாம் ரத்தம். அப்புறம் வெளிய போய் டீ வாங்கிட்டு வந்தாரு." கிருபாகரன் மகளின் கையைத் தேடிப் பிடித்தார். "நான் வாங்கிக்கலம்மா. ரொம்ப நேரம் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னாரு."